மாத்திரைக்குக் கட்டிய கயிறு

இதையெல்லாம் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறேனா என்று எனக்கு நிச்சயமில்லை. தறிக்குழிக்குள் மழைத் தண்ணீர் ஊறியது முதலில் நடந்ததா, மாணிக்கவேல் ஹோமிலிருந்து திரும்பி வந்தது முதலில் நடந்ததா என்று ஜீவிதாவைக் கேட்டால் ஒன்று சொல்கிறாள். மாணிக்கவேலைக் கேட்டால் வேறொன்று சொல்கிறான். நான் அந்த வீட்டு மாடியில் நாலு வருடம் குடியிருந்தவன், அவ்வளவுதான். மேலேயிருந்து காதில் விழுந்தது பாதி, கீழே இறங்கிப் பார்த்தது பாதி. காதில் விழுந்ததில் நான் புரிந்துகொண்டது பெரும்பாலும் தப்பு.

வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. வீட்டில் மூன்று பேர். மாணிக்கவேலுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவன் அம்மா கிருஷ்ணவேணியம்மா, மனைவி ஜீவிதா. குழந்தை இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. நான் நூலகத்தில் வேலை பார்த்தேன். காலையில் பத்து மணிக்குப் போனால் போதும் என்பதால் விடிந்ததிலிருந்து பத்து வரை அவர்களுடைய தறிச் சத்தத்துக்கு மேலேதான் உட்கார்ந்திருப்பேன்.

உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருக்கிற பட்டுப்புடவையில், இரண்டையும் நெய்யும்போதே கோர்த்துக்கொண்டு போவதைக் கோர்வை என்பார்கள். அதற்கு ஓர் ஆள் போதாது. மாணிக்கவேல் குழியில் காலை விட்டு நடுவில் உட்கார்ந்து மிதிப்பான். வலது பக்கத்தில் பலகை போட்டு ஜீவிதா உட்கார்ந்து கரை நாடாவை, அதாவது கரை நூலைச் சுமந்து ஓடுகிற கட்டையை, தள்ளிக் கொடுப்பாள். இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். ஒரு கை தாமதித்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சில நாள் அந்தச் சத்தம் ஒரே சீராக மணிக்கணக்கில் ஓடும். சில நாள் நாலு அடி ஓடி நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும், நிற்கும். ஓடுகிற நாட்களில் நான் இறங்கிப் போகும்போது, "இன்னிக்குத் தறி நல்லா ஓடுதே" என்று சொல்லிவிட்டுப் போவேன். மாணிக்கவேல் சிரிப்பான்.

ஒருநாள் ஜீவிதா துணி காயப்போட மாடிக்கு வந்தவள், கொடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். தப்பா நெனச்சிக்காதீங்க."

"சொல்லும்மா."

"தறி நல்லா ஓடுதுன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க."

"ஏன்? திருஷ்டியா?"

"அதெல்லாம் இல்ல சார். தறி நல்லா ஓடுனா அவர் மாத்திரை போட்டுக்கினு இருக்கார்னு அர்த்தம். நின்னு நின்னு ஓடுது பாருங்க, அன்னிக்கு அவர் போடாம இருக்க பாக்கறாரு. கை நடுங்கும், மூக்கு ஒழுவும், இட்ட எடத்துல கால் நிக்காது. நீங்க பாராட்டுற நாளெல்லாம் கெட்ட நாளு. நீங்க ஒண்ணும் சொல்லாம போற நாளு தான் அவர் கஷ்டப்பட்றாரு."

அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அதுவரைக்கும் அவன் குடிக்கிறான் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. நாலு வருடத்துக்கு முன் வெள்ளைகேட் பக்கம் பைக்கில் போய் விழுந்திருக்கிறான். இடுப்பில் அடி. டாக்டர் பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். குழித்தறியில் எட்டு மணி நேரம் குனிந்து உட்காருகிற இடுப்பு பத்து நாளில் சரியாகவில்லை. ஜீவிதாதான் அதே சீட்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு மருந்துக் கடையில் மறுபடி மறுபடி வாங்கி வந்தாள்.

"நான் தான் சார் வாங்கினேன்" என்று அவள் பிறகு ஒரு தடவை சொன்னாள். "சாராயம் வாங்கினு வான்னா வாங்குவனா? செருப்பால அடிச்சிருப்பேன். இது மருந்துக் கடையில தராங்க. பேரு போட்டு, தேதி போட்டு, பளபளன்னு அட்டையில இருக்குது. இதுல போய் இன்னா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் நிறுத்தியபோது அவன் வேறு இடத்தில் வாங்கத் தெரிந்துகொண்டிருந்தான்.

ஊருக்கு வெளியே போதையை விடவைக்கிற ஒரு ஹோமில் இருபது நாள் வைத்துப் பார்த்தார்கள். அங்கே என்ன செய்தார்கள் என்று அவன் சொல்லவில்லை. முட்டியில் காயத்தோடு வந்தான். வந்த மூன்றாம் நாள் தறி சீராக ஓடியது. நான் ஒன்றும் சொல்லாமல் படி இறங்கிப் போனேன்.

அதற்குப் பிறகுதான் கிருஷ்ணவேணியம்மா கயிறு கட்டுவதென்று முடிவு செய்தார்.

திருப்புட்குழி தாண்டி வயலுக்கு நடுவில் ஒரு சின்ன அம்மன் கோயில். குடியை விட நினைக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை அங்கே போய்க் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டினவன் மீறினால் ரத்தம் கக்குவான் என்று நம்பிக்கை. எத்தனை நாளைக்கு என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பூசாரி குப்புசாமி அந்தப் பக்கத்து விவசாயி. வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு அப்படியே பூசைக்கு நின்றார். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர்.

"எத்தினி நாளுபா?"

"பொங்கல் வரைக்கும் கட்டுங்க சாமி."

"பொங்கலுக்கு அப்பால?"

"பொங்கலுக்கு மச்சான் வர்றான் சாமி. மஸ்கட்ல இருந்து."

"உம் மச்சான் வர்றதுக்கு ஆத்தா இன்னா பண்ணுவா? ஒரு வருசம் கட்டிக்கோ."

"அவன் வருசத்துக்கு ஒரு தபா தான் சாமி வர்றான்."

டிரைவர் மனைவி அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். ஆறு மாதத்துக்கு முடிந்தது. அடுத்தது நாங்கள்.

"எதை வுடணும்?"

மாணிக்கவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிருஷ்ணவேணியம்மா முன்னால் வந்தார்.

"மாத்திரைங்க சாமி."

"மாத்திரையா? ஜொரத்துக்குப் போட்றதா?"

"இல்லீங்க. போதைக்குப் போட்றது."

குப்புசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். "எங்கிட்ட பிராந்தி வந்திருக்குது, கஞ்சா வந்திருக்குது, சீட்டாட்டம் கூட வந்திருக்குது. மாத்திரைக்கு யாரும் வந்ததில்லமா. எந்த மாத்திரைன்னு சொல்லணுமே. பேரு இன்னா?"

பேர் யாருக்கும் சொல்ல வரவில்லை. ஜீவிதா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கிருஷ்ணவேணியம்மா சொல்லிவிட்டார்.

"எந்த மாத்திரையும் வேணாங்க. இனிமே அவன் வாய்க்குள்ள ஒரு மாத்திரை போவக்கூடாது. ஆயுசுக்கும்."

"ஆயுசுக்கும்னா யோசிச்சிக்கோமா."

"ஆயுசுக்கும் தாங்க."

மாணிக்கவேல் தலையை ஆட்டினான். கயிறு மஞ்சளில் நனைந்து கிடந்தது. குப்புசாமி அதை அவன் மணிக்கட்டில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. குழிக்குள் தண்ணீர் ஊறி மிதிப்பலகை மிதந்தது. தறியில் நீட்டிக் கட்டியிருந்த பாவு நூல் ஈரத்தில் தொய்ந்து தொங்கியது. வேலை இல்லை. வேலை இருந்தாலும் அவனால் உட்கார்ந்திருக்க முடியாது. கொட்டாவி கொட்டாவியாக விட்டான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் நிற்கவில்லை. வயிற்றுப்போக்கு. கோரைப்பாயில் படுத்துக்கொண்டே கால்களை உதைத்துக்கொண்டிருந்தான். ஜீவிதா இரண்டு கால்களையும் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"படுத்துக்கினே ஓட்றாரு சார்" என்றாள். "எங்க ஓட்றாருன்னு தெரியல."

கிருஷ்ணவேணியம்மா நொய்க்கஞ்சியில் மோர் ஊற்றி உப்புப் போட்டு ஆற்றிக் கொடுப்பார். அவன் வாந்தி எடுப்பான். அவர் துடைத்துவிட்டு மறுபடி ஆற்றுவார். "ஆத்தா வேலை செய்றா. உள்ள இருக்கிறத வெளிய தள்றா" என்பார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமே என்று நான் சொன்னேன். "போனா மாத்திரை குடுப்பாங்கபா" என்றார். சரிதானே என்று எனக்கும் பட்டது. இப்போது யோசித்தால் நான் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

ஒரு வாரத்தில் உதைப்பது நின்றது. தூக்கம் மட்டும் வரவில்லை. குழித் தண்ணீரை இறைத்துக் காயவிட்டு, கார்த்திகையில் மறுபடி தறி ஏறினார்கள். சத்தம் நின்று நின்று ஓடியது. நான் அதைக் கேட்டு மேலே சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

நாற்பதாவது நாளோ என்னவோ, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நூல் வாங்கப் போகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. நாலு மணிக்கு நூலகத்துக்கு ஜீவிதாவின் போன் வந்தது. "சார், பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. கலீம் பாய் எடுத்துக்கினு போயிருக்காரு."

கலீமை எனக்கு அதற்கு முன் தெரியாது. மாணிக்கவேலின் சிநேகிதன், ஒலிமுகமதுபேட்டையில் பைக் பட்டறை வைத்திருப்பவன். கையெல்லாம் கிரீஸோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். "பட்டறைக்குப் பின்னால சுவத்துல சாஞ்சி உக்காந்துக்கினு இருந்தான் சார். தூங்கறான்னு வுட்டுட்டேன். அப்பால பாத்தா ஒதடு நீலமா இருக்குது. மூச்சு எண்றேன், வரவே மாட்டேங்குது. எனக்கு அந்த நீலம் தெரியும். அதான் ஆட்டோல போட்டுக்கினு ஓடியாந்தேன்."

ஊசி போட்டதும் பிழைத்துக்கொண்டான். இரண்டு நாள் வார்டில் இருந்தான். இரண்டாம் நாள் காலையில் கிரேஸ் என்ற ஆலோசகர் எங்கள் எல்லாரையும் கட்டிலைச் சுற்றி உட்காரவைத்துப் பேசினார்.

"அம்மா, நான் சொல்றத கொஞ்சம் பொறுமையா கேளுங்க. உங்க பையன் நாலு வருஷம் அந்த மாத்திரை போட்டதுல உடம்பு அதுக்குப் பழகிடுச்சி. நாப்பது நாள் நிறுத்தினாரு. உடம்போட பழக்கம் போயிடுச்சி. ஆனா ஆசை போகல. திரும்பிப் போட்டப்ப பழைய அளவுலயே போட்டாரு. உடம்பு தாங்கல. நிறுத்தினவங்களுக்குத் தான் இந்த ஆபத்து ஜாஸ்தி."

"அப்ப நிறுத்தினது தப்புன்றியா?" என்றார் கிருஷ்ணவேணியம்மா.

"நிறுத்தினது தப்பில்ல. சும்மா நிறுத்தினது போதாது. இதுக்கு மருந்து இருக்குது. நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திரை. தினம் இங்க வந்து எங்க முன்னாடி போட்டுட்டுப் போகணும். அந்த உதைப்பு வராது, ஏக்கம் அடங்கும், வேலைக்குப் போலாம். கூட உக்காந்து பேசவும் செய்வோம்."

"எத்தினி நாளைக்கு?"

"அது இப்ப சொல்ல முடியாதுமா. ஒரு வருஷம், ரெண்டு வருஷம். சில பேருக்கு இன்னும் மேலயே ஆகும்."

"நீ இன்னாமா சொல்ற? மாத்திரைய வுட்டா சாவறான்ற. வேணும்னா நீயே மாத்திரை தரன்ற. அது கடைக்காரன் குடுக்கிறது, இது நீ குடுக்கிறது. இன்னா வித்தியாசம்?"

கிரேஸ் அவர் பக்கம் திரும்பினார். "நல்ல கேள்விம்மா" என்றார். "அந்த மாத்திரைக்காக அவரு உங்க கிட்ட பொய் சொன்னாரு. இதுக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்காது. எனக்குத் தெரிஞ்ச பெரிய வித்தியாசம் அதான்."

கட்டிலில் இருந்து மாணிக்கவேல் பேசினான்.

"எனக்கு வேணாங்க."

"ஏன் மாணிக்கவேல்?"

"கயித்த மீறுனேன். ஆத்தா அடிச்சிட்டா. மூச்சு நிக்கிற வரைக்கும் அடிச்சிட்டு வுட்டா. இன்னொரு தபா வுட மாட்டா."

"அது அப்படி இல்லப்பா. இப்பதான் சொன்னேனே..."

"சாமிய பத்தி நீ பேசாதமா" என்றார் கிருஷ்ணவேணியம்மா.

"சரிம்மா. பேசல" என்றார் கிரேஸ். கலீம் குறுக்கே பேசினான்.

"ஏம்மா, அவன் கையால தொட வேணாம். அண்ணி ஊட்டி வுடட்டும். சாமிக்குக் கணக்கு தெரியாது."

"நீ சும்மா கெடடா கலீம். எம் பொழப்பே சிரிப்பா சிரிக்குது, நீ வேற."

"நானும் இங்க தாம்மா ரெண்டு வருஷமா போட்றேன்."

அது எங்கள் யாருக்கும் தெரியாது. மாணிக்கவேல் தலையைத் திருப்பினான்.

"எத்தினி வருசம் போடுவே?" என்றார் கிருஷ்ணவேணியம்மா.

"தெரியாதுமா. கொறச்சிக்கினு வர்றாங்க."

"அப்ப நீ விட்டுட்டியா, விடலியா?"

கலீம் கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே யோசித்தான். "அதான் எனக்கும் சொல்லத் தெரியல. திருடறதில்ல. பொய் சொல்றதில்ல. ஸ்பேனர் கையில நிக்குது. சாயங்காலம் வூட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி அம்பரீன் பக்கத்துல உக்கார்றா, மூஞ்ச திருப்பிக்கிறதில்ல. இத விட்டதுன்னு சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க."

கிருஷ்ணவேணியம்மா மகனுடைய துணிகளைப் பையில் எடுத்துவைக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மார்கழி முழுக்க அவன் எந்த மாத்திரையும் போடவில்லை. காய்ச்சல் வந்தபோது காய்ச்சல் மாத்திரையும் போடவில்லை. ஆனால் தெருக்கோடி வரை போய் நிற்பான், திரும்பி வருவான், மறுபடி போவான். ஜீவிதா தறியை விட்டு எழுந்து போய் அவன் பக்கத்தில் நிற்பாள். அவன் எங்கே போனாலும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பின்னால் போனாள். இன்னொரு தடவை அவன் விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓட கலீம் பக்கத்தில் இருக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆபத்து எது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எதைச் செய்தால் ஆபத்து, எதைச் செய்யாவிட்டால் ஆபத்து என்பதில்தான் ஆளுக்கு ஒரு பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜீவிதா என்னைக் கூட்டிக்கொண்டு குப்புசாமியிடம் போனாள். கயிற்றை அவிழ்க்க வழி இருக்கிறதா என்று கேட்டாள். குப்புசாமி வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"டாக்டரு குடுக்கிறத நான் எதுக்குமா தடுக்கப் போறேன்? எனக்கே சக்கரைக்கு ரெண்டு வேளை மாத்திரை. அன்னிக்கே கேட்டேன் எந்த மாத்திரைன்னு."

"அப்ப அவுத்து வுடுங்க சாமி."

"யாரு சொன்ன சொல்லு அது? அவன் வாயத் தொறக்கலியே. அந்தம்மா தான சொன்னாங்க. சொன்னவங்க வந்து ஆத்தா கிட்ட திருப்பிச் சொல்லணும். பொங்கல் வெச்சி, ஒரு கோழி அறுத்து, தெரியாம சொல்லிட்டேன் தாயேன்னு சொல்லட்டும். நான் அவுக்கறேன்."

அதை வந்து சொன்னபோது கிருஷ்ணவேணியம்மா அம்மியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். அரைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியாம எங்க சொன்னேன்? தெரிஞ்சி தான் சொன்னேன்."

"அத்த, அவரு செத்துப்போயிடுவாரு."

"மீறுனா சாவான். மீறாம இருக்கட்டும்."

"இருக்க முடியல அத்த. நீங்க அவர் மூஞ்சிய பாக்கறீங்களா இல்லியா? மனுசனால இருக்க முடியல. என்னால பின்னாடியே சுத்த முடியல. நான் குளிக்கப் போற நேரத்துல போயிட்டா இன்னா பண்றது? கக்கூஸ் போற நேரத்துல போயிட்டா?"

"நீ தானடீ வாங்கினு வந்து குடுத்தே."

கிருஷ்ணவேணியம்மா குழவியை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். பிறகு, "நான் ஒண்ணும் சொல்லல போ" என்றார். அந்த ஒரு வாரம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது.

தை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிருஷ்ணவேணியம்மா தலைக்குக் குளித்துவிட்டு மகனை எழுப்பினார். "வா" என்றார். யாரையும் கூப்பிடாமல் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். பதினொரு மணிக்கு வந்தார்கள். மாணிக்கவேல் கையில் கயிறு இல்லை. கிருஷ்ணவேணியம்மாவின் மணிக்கட்டில் ஒரு புதுக் கயிறு, மஞ்சள் காயாமல் இருந்தது.

"இது இன்னாத்துக்கு அத்த?" என்றாள் ஜீவிதா. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"இது என்னுது. உனக்கு இன்னாத்துக்கு? அவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ."

வேண்டுதல் கயிறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அன்றைக்கு யாருக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. ஜீவிதா அவர் காலில் விழுந்தாள். அவர், "எழுந்துரு, எழுந்துரு, பஸ்ஸு போயிடும்" என்றார்.

தினமும் காலை எட்டரைக்கு மாணிக்கவேல் ஆஸ்பத்திரிக்குப் போவான். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கரைகிறவரை வாயைத் திறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் சில நாள் நானும் போனேன். பக்கத்தில் கலீம் அதேபோல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பத்து நிமிடம் கழித்து இரண்டு பேரும் ஒன்றாகப் பேச ஆரம்பிப்பார்கள், முக்கால்வாசி பைக்கைப் பற்றி. கிரேஸ் வாரத்துக்கு ஒருநாள் அவனைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். ஜீவிதாவையும் ஒருநாள். அன்றைக்கு அவள் அழுத முகத்தோடு வந்து, "நான் வாங்கிக் குடுத்தது நோய்க்குக் காரணமில்லன்னு சொல்றாங்க சார். அப்ப எது காரணம்னா, நெறைய காரணம்ன்றாங்க" என்றாள். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

மாசிக்குள் அவனுக்குத் தூக்கம் வந்தது. தறி ஓடியது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. முன்பெல்லாம் சீராக ஓடினால் கெட்ட நாள். இப்போது?

"சொல்லலாம் சார்" என்றாள் ஜீவிதா ஒருநாள் தானாகவே. "நல்லா ஓடுதுன்னு சொல்லலாம்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிருஷ்ணவேணியம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. மாதம் ஒரு தடவை அவருடைய மாத்திரையை நான்தான் நூலகத்திலிருந்து வரும் வழியில் நகர்நல மையத்தில் வாங்கி வருவேன். தை மாதக் கடைசியில் சீட்டைக் கேட்டபோது, "இனிமே நீ அலைய வேணாம்பா, வூட்டாண்டயே வந்து குடுத்துட்டுப் போறாங்க" என்றார். பல வீடுகளுக்கு அப்படி வந்து கொடுக்கிறார்கள்தான். நான் நம்பினேன். நான் வாங்குவதாக ஜீவிதா நினைத்துக்கொண்டிருந்தாள். வீடு நிறைய ஒரே ஆளுடைய மாத்திரையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம்.

ஆனி மாதம் ஒரு காலையில் மாணிக்கவேல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கிருஷ்ணவேணியம்மா சோற்றுப் பானையை இறக்கப் போனவர் பானையோடு சாய்ந்தார். நான் இறங்கி ஓடியபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கஞ்சி தரையெல்லாம் ஓடியது. வலது கையை ஜீவிதா தூக்கினாள், அது விழுந்தது.

டாக்டர், "மாத்திரை எப்ப நிறுத்துனாங்க?" என்று கேட்டார். ஜீவிதா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

அம்மா கையில் இருந்த கயிறு எதற்கென்று கேட்க, அன்று சாயங்காலம் மாணிக்கவேல் கலீமின் பைக்கில் குப்புசாமியைப் பார்க்கப் போனான். குப்புசாமி தலையில் கைவைத்துக்கொண்டாராம்.

"நான் கோழின்னு சொன்னேன், பொங்கல்னு சொன்னேன். அந்தம்மா ஒத்துக்கல. சொன்ன சொல்ல திருப்ப மாட்டேன், வேணும்னா அவன் கயித்த நான் கட்டிக்கிறேன்னுச்சி. அதே சொல்லு. வாய்க்குள்ள மாத்திரை போவாது, ஆயுசுக்கும்னு. நீ அப்ப அந்தாண்ட கால் கழுவிக்கினு இருந்தே. அவங்களுக்கு மாத்திரை இருக்குதுன்னு எனக்கு இன்னாபா தெரியும்? கேட்டிருக்கணும். கேக்கல."

மறுநாள் வார்டில் கிருஷ்ணவேணியம்மாவுக்கு நினைவு தெளிந்தது. பேச்சு குழறியது. நர்ஸ் மாத்திரையைக் கொண்டுவந்தபோது வாயை இறுக்கிக்கொண்டார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாய் அவ்வளவு இறுகும் என்று நான் நினைக்கவில்லை. மாணிக்கவேல் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"மா. தொற மா. நான் அஞ்சி மாசமா தெனம் போட்றேன். எனக்கு ஒண்ணும் ஆவல பாரு. ஆத்தா ஒண்ணும் பண்ணல."

அவர் ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. ஜீவிதாதான் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நான் போடாததால தான் உனக்கு ஒண்ணும் ஆவலன்றாங்க."

மாணிக்கவேல் வெளியே வந்து வராந்தா சுவரில் சாய்ந்து நின்றான். கிரேஸ் வந்து பக்கத்தில் நின்றார். "எனக்குக் கொழப்பமா இருக்குது மேடம்" என்றான். "நீங்க குடுத்தது தான் என்னை நிறுத்திச்சின்னு தெரியுது. உள்ளுக்குள்ள தெரியுது. ஆனா அவங்க நெனப்பு தப்புன்னு எப்படி சொல்றது? சொன்னா அவங்க சும்மா விழுந்தாங்கன்னு ஆயிடுமே."

கிரேஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு உங்க மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவன் இல்லையென்று தலையாட்டினான். "வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

நான்கு நாள் சொல்லிப் பார்த்தார்கள். குப்புசாமியே ஆஸ்பத்திரிக்கு வந்து விபூதி பூசி, ஆத்தா ஒத்துக்கொண்டாள், அவிழ்த்துவிடுகிறேன் என்றார். கிருஷ்ணவேணியம்மா இடது கையால் வலது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டார். ஐந்தாம் நாள் ஜீவிதா டாக்டரிடம் எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக்கூடாது என்று கேட்டு எழுதிக்கொண்டாள். இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, மோர்க்கஞ்சியில் கலந்து, உப்பு ஒரு சிட்டிகை கூடப் போட்டாள். மாணிக்கவேல் ஊட்டினான். அவர் முழுங்கினார்.

அடுத்த வருடம் எனக்குச் செங்கல்பட்டுக்கு மாற்றலாகி, மாடியைக் காலி செய்துவிட்டேன். எப்போதாவது போகிறேன். குப்புசாமி கயிறு கட்ட வருகிறவர்களிடம் இப்போது மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று கேட்கிறார். கிரேஸ் வேறு ஊருக்குப் போய்விட்டார். கலீமின் மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது, பட்டறையைப் பெரிதாக்கியிருக்கிறான். மாணிக்கவேல் நடுவில் இரண்டு தடவை தவறினான். இரண்டு தடவையும் அவனே போய்ச் சொன்னான். இடுப்பு வலி போகவில்லை. அதனால் ஜீவிதா குழியில் உட்கார்ந்து நெய்கிறாள், அவன் கரைப்பக்கம் உட்காருகிறான். கிருஷ்ணவேணியம்மா இருக்கிறார். வலது கை வரவில்லை, பேச்சு கொஞ்சம் வந்திருக்கிறது, தன் கயிற்றால்தான் மகன் பிழைத்தான் என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்கிறார். காலையிலும் இரவிலும் அவருடைய மாத்திரை கஞ்சியில்தான் போகிறது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.